அண்ணனும் நானும் ஒரே வீட்டுக்காக ஜெபித்தோம்

மேல் கோர்ட்டிலும் தோற்றுவிட்டோம் என்று வக்கீல் மேடம் வந்து சொன்னபோது, நான் அறுந்துபோன செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கோர்ட்டு வாசலில் நின்றிருந்தேன். அவர் வாய் திறப்பதற்கு முன்பே, முகத்தைப் பார்த்ததுமே தீர்ப்பு என்ன என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"அப்போ ஊடு, மேடம்?"

"ஊடு, நிலம் ரெண்டுமே உங்க அண்ணனுக்குத்தான்னு கீழ்க் கோர்ட்டுல சொன்னாங்க இல்ல, அதையே இங்கியும் சரின்னு சொல்லிட்டாங்கம்மா. ரிஜிஸ்டர் ஆன பத்திரம். உங்க அப்பாவோட ரேகை இருக்குது. அவருக்குத் தெரியாம நடந்ததுன்னு நாம சொல்றோம். ஆனா அத சொல்றதுக்கு நம்மகிட்ட ஒரு ஆளு இல்ல."

திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டைக்கு வந்து, அங்கே பஸ் மாறி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்து சேரும்வரை என் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஆண்டவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசுவதற்கு எதுவும் மிச்சமில்லை என்று தோன்றியது.

என் பெயர் ஸ்டெல்லா. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் வேலை செய்கிறேன். ஜெபித்து ஜெபித்து அலுத்துப்போனவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களும் கேளுங்கள்.

எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர். பிறகு கம்பெனிகள் வந்ததும் லாரியில் லோடு ஏற்றுகிற வேலைக்குப் போனார். அவருக்கு அவர் அப்பா வழியில் வந்த சொத்து ஒரு துண்டு நிலமும் ஒரு வீட்டு மனையும். அந்த மனையில் நைனாவே வீட்டைக் கட்டினார். அவருக்கு நாங்கள் இரண்டு பிள்ளைகள். அண்ணன் மூத்தவர், நான் இளையவள். அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள்.

அண்ணன் கல்யாணமாகி அடுத்த தெருவில் தனி வீட்டில் இருந்தார். நான் கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ்ந்தேன். என் கணவர் ஷிப்ட்டுக்குப் போகும்போது ஹைவேயில் லாரி மோதி இறந்துபோனார். கைப்பிள்ளை பிரியாவோடு திரும்பி வந்து வாசலில் நின்றேன். நைனா என் பையை வாங்கி உள்ளே வைத்தார்.

"இன்னா கண்ணு அங்கியே நிக்கிற? இது உன் ஊடு. உள்ள வா. யாரையும் கேக்க வேணாம்."

அன்றிலிருந்து அந்த வீடுதான். பிரியா அங்கேதான் நடக்கப் பழகினாள். அங்கேதான் பன்னிரண்டாவது வரை படித்தாள். நைனாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது, அந்த வீட்டில்தான் அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி வைத்துக்கொண்டேன். நான் வேலைக்குப் போகிற நேரத்தில் அண்ணி வந்து பார்த்துக்கொள்வார்கள். அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார். அதையும் நான் மறைக்கக் கூடாது. அண்ணன் நைனாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏற்றியதை ஊரே பார்த்திருக்கிறது.

நைனா இறந்தார். அடக்க ஆராதனை முடிந்த மறு வாரம் அண்ணன் வந்து வாசலில் நின்றுகொண்டே சொன்னார்.

"ஸ்டெல்லா, நைனா எல்லாத்தையும் என் பேர்ல எழுதிட்டாரு. உன்ன உடனே போவச் சொல்லல. மெதுவா வேற இடம் பாத்துக்க."

நான் சிரித்துவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தது.

ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் எங்கள் நிலத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கம்பெனிகள் பெருகி, பக்கத்தில் ரோடு அகலமானதும், காரில் வந்து இறங்கி "இது யாரோட இடம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அண்ணனுக்கு அப்போது காண்ட்ராக்ட் வேலை போயிருந்தது. மூத்தவன் நான், நைனாவைத் தூக்கிச் சுமந்தவன் நான், கட்டிக்கொடுத்த தங்கைக்கு எதற்கு என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. அவர் அதை நியாயம் என்றே நம்பினார். அதுதான் எனக்குப் பெரிய வேதனை. திருடன் என்று தெரிந்து திருடுகிறவனோடு சண்டை போடலாம். தான் செய்வது சரி என்று நினைக்கிற அண்ணனோடு எப்படிப் போடுவது?

இன்னொரு வேதனையைச் சொல்கிறேன். அண்ணனும் நானும் ஒரே சபை. சிப்காட் போகிற ரோட்டில் தகரக் கூரை போட்ட சின்ன சபை. ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பார், பெண்கள் பக்கத்தில் நான். பாஸ்டர் ஐயா ஜெப விண்ணப்பம் கேட்பார். அண்ணன் எழுந்து நிற்பார்.

"கோர்ட்டு கேஸ் ஒண்ணு இருக்குது, பாஸ்டர். ஆண்டவர் ஜெயம் தரணும்."

அவர் உட்கார்ந்ததும் நான் எழுந்து நிற்பேன்.

"எனக்கும் கேஸ் இருக்குது, பாஸ்டர். நீதி கெடைக்கணும்."

சபை முழுவதும் தலையைக் குனிந்துகொள்ளும். பாஸ்டர் ஐயா இரண்டு பேருக்கும் சேர்த்து, "உம்முடைய சித்தம் நடக்கட்டும்" என்று ஜெபித்து முடிப்பார். வேறென்ன செய்வார் பாவம். இரண்டு பேருமே அவருடைய ஆடுகள்.

கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தது. வாய்தா, வாய்தா, வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட வேண்டும். சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் அண்ணியின் தம்பி சுரேஷ். அவர் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். எங்கே இருக்கிறார் என்று கேட்டு நாங்கள் அனுப்பிய எதற்கும் பதில் இல்லை. அண்ணன் பக்கத்தில் பத்திரம் எழுதியவர் வந்து, நைனாதான் ரேகை வைத்தார் என்று சொன்னார். அது பொய்யில்லை. ரேகை நைனாவுடையதுதான். எதற்கு வைக்கிறோம் என்று நைனாவுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. அந்த நேரத்தில் நான் கம்பெனியில் இருந்தேன். எனக்கே தெரியாததை நான் எப்படி நிரூபிப்பேன்?

முதல் கோர்ட்டில் தோற்றபோது, மேலே பார்த்துக்கொள்ளலாம் என்று தைரியம் இருந்தது. மேல் கோர்ட்டிலும் தோற்ற பிறகு வக்கீல் மேடம் வெளிப்படையாகவே பேசினார்.

"ஹைகோர்ட்டுக்குப் போலாம்மா. ஆனா அங்க சட்டத்துல கேள்வி இருந்தாத்தான் எடுப்பாங்க. நடந்தது இன்னான்னு மறுபடி விசாரிக்க மாட்டாங்க. வீணா அலைய வைக்க எனக்கு மனசு வரல."

கொஞ்ச நாளில் கோர்ட்டு அமீனா நோட்டீஸோடு வந்தார். நல்ல மனிதர். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே, "நீங்களா காலி பண்ணிட்டா பேஜாரு இல்லம்மா. பூட்டு உடைக்கிறது, சாமான வெளிய எடுத்துப் போடறது எல்லாம் எங்களுக்கும் கஷ்டமா இருக்குது" என்றார். கதவில் நோட்டீஸை ஒட்டினார். பசை காயாமல் வழிந்தது. பிரியா துணி கொண்டுவந்து, ஒழுகியதை மட்டும் துடைத்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குத் தாங்கும் சக்தி இருந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை பெண்கள் உபவாச ஜெபம். போனேன். ஒவ்வொருவராக ஜெபித்துக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். எனக்கு எதிரே அண்ணி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"இனிமே நான் ஜெபம் பண்ண மாட்டேன். இத்தன வருசமா மண்டி போட்டு மண்டி போட்டு முட்டி தேஞ்சதுதான் மிச்சம். ஆண்டவர் எங்க அண்ணன் பேச்சத்தான் கேக்குறாரு. நீங்க பண்ணிக்குங்க. என்ன உட்டுடுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பாஸ்டர் அம்மா ரோடு வரைக்கும் பின்னால் ஓடிவந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் சபைக்குப் போகவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடுகிற பழக்கம்கூடப் போய்விட்டது. பிரியா மட்டும் ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போவாள். நான் தடுக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. கம்பெனியில் பெட்டி மடிக்கிற கை மடித்துக்கொண்டிருக்கும். மனது எங்கோ இருக்கும். வாடகைக்கு வீடு தேடினேன். வெளிமாநிலப் பையன்களுக்கு அறை அறையாக விட்டால் வீட்டுக்காரர்களுக்கு லாபம். ஒரு பெண்ணும் மகளும் என்றால் யோசிக்கிறார்கள். ஒரு நாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்காமல், கண்ணை மூடி உட்கார்ந்தே இருந்தேன். டிரைவர் அண்ணன், "ஸ்டெல்லாம்மா, உங்க ஸ்டாப்பு" என்று கூப்பிட்டார். எனக்கு எந்த ஸ்டாப்பும் என்னுடையதாகத் தெரியவில்லை. செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று அன்று நினைத்தேன். பிரியாவை நினைத்துத்தான் இறங்கினேன். அவ்வளவுதான் என்னிடம் இருந்த விசுவாசம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை நடந்துகொண்டிருக்கிற நேரம். சபை மைக்கில் பாடுவது வீடு வரை கேட்கும். அதைக் கேட்கக் கூடாது என்று குழாயை வேகமாகத் திறந்துவிட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தெரிந்தது. அண்ணி. கேஸ் ஆரம்பித்த பிறகு அவர்கள் இந்த வாசலை மிதித்ததில்லை. ஆராதனைக்குப் போட்டிருந்த வெள்ளைப் புடவையோடு, பாதியில் எழுந்து வந்திருந்தார்கள். மூச்சு வாங்கியது.

"குழாய நிறுத்து ஸ்டெல்லா. கொஞ்சம் பேசணும்."

"இன்னா அண்ணி பேசணும்? சாவி வேணுமா? தரேன், எடுத்துக்கினு போங்க."

அவர்கள் துவைக்கிற கல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். புடவை நனைந்தது. கவனிக்கவில்லை.

"நீ அன்னிக்கு ஜெபம் பண்ண மாட்டேன்னு கத்திட்டுப் போனல்ல. அதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. ஊடு போனா போவுது, நிலம் போனா போவுது. உன் ஆத்துமா போச்சுன்னா அது என் தலையில வுழும். நான் எங்க போயி பதில் சொல்வேன்?"

நான் குழாயை மூடினேன்.

"ரேகை வெக்கப் போனப்போ நானும் சுரேஷும் வண்டியில இருந்தோம் ஸ்டெல்லா. மாமா கேட்டுக்கினே வந்தாரு, 'இன்னா ஆபீஸ் இது, எதுக்கு இட்டுக்கினு போறீங்க'ன்னு. உங்க அண்ணன் 'முதியோர் பென்ஷனுக்கு'ன்னு சொன்னாரு. அங்க போயும் யாரும் அவருக்குப் படிச்சிக் காட்டல. வெளிய வந்து மாமா என்ன கேட்டாரு, 'பென்ஷன் எப்போ வரும்மா'ன்னு. நான் 'வந்துடும் மாமா'ன்னு சொன்னேன்."

அதைச் சொல்லிவிட்டு அண்ணி வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நைனா 'பென்ஷன் எப்போ வரும்' என்று கேட்டாரே, அது மட்டும்தான் காதில் நின்றது. பிறகு அவர்களே மெல்லப் பேசினார்கள்.

"நீ உட்ட ஜெபத்த நான் பண்ணிக்கினு இருக்கேன். ஆண்டவருகிட்ட ஒண்ணு சொன்னேன். சுரேஷு இங்க வந்தான்னா நான் வாயத் தொறக்குறேன். வரலன்னா என்ன உட்டுடுங்கன்னேன். அவன் இப்போ வரமாட்டான்னு தெரிஞ்சுதான் அப்படி சொன்னேன். அவனுக்கு லீவே கெடையாது. நேத்து திடீர்னு வந்து நிக்கிறான். அங்க கம்பெனிய மூடிட்டாங்களாம். அதான் பாதி ஆராதனையில எழுந்து ஓடியாந்தேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் கூண்டுல ஏறி அவரு மூஞ்சியப் பாத்துக்கினு சொல்ல முடியாது. அந்த தைரியம் எனக்கு இல்ல. சுரேஷ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நடந்தத அவன் கோர்ட்டுல சொல்றேன்னுட்டான்."

மைக்கில் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி ஈரப் புடவையோடு எழுந்து, ஆராதனை முடிவதற்குள் திரும்பிப் போய்விட்டார்கள்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். வக்கீல் மேடத்திடம் போய்ச் சொன்னதும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தீர்ப்பு குடுத்த அதே கோர்ட்டுகிட்டயே, மறுபடி பாருங்கன்னு சீராய்வு மனு போடணும்மா. பெரும்பாலும் எடுத்துக்க மாட்டாங்க. சும்மா தோத்துட்டோம்னு போடறதுக்கு அது வழியில்ல. அப்போ எவ்ளோ தேடியும் கெடைக்காத சாட்சி இப்போ கெடைச்சிருக்குன்னு நம்ப வெக்கணும். நாளும் தாண்டிப் போச்சு, அதுக்கும் மன்னிப்பு கேக்கணும். நம்பிக்கையா இருன்னு நான் சொல்ல மாட்டேன்."

மனு போட்டோம். வீட்டைக் காலி செய்வதற்குத் தற்காலிகமாகத் தடை கிடைத்தது. மறுபடியும் வாய்தா. அதற்குள் விஷயம் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணியை ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் அவர்கள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சுரேஷை ஊரில் பேசாத பேச்சு இல்லை. அவர் மறுபடி வெளிநாடு போக வேண்டியவர், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்தாவும் தள்ளிப்போகும்போது, இவரும் போய்விடுவார், அதோடு முடிந்தது என்று நினைப்பேன். என்னால் அப்போதும் ஜெபிக்க முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன். முழங்கால் போட்டால் சுவர்தான் தெரிந்தது.

ஜட்ஜ் ஐயா மனுவை ஏற்றுக்கொண்டு, சாட்சியை விசாரிக்கச் சொன்னார். மேடத்துக்கே ஆச்சரியம். அன்று சுரேஷ் கூண்டில் ஏறினார். பென்ஷன் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள், படித்துக் காட்டவில்லை, என்னையும் கையெழுத்து போடு என்றார்கள், போட்டேன் என்றார். அண்ணன் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணனின் வக்கீல் எழுந்தார்.

"சொந்த அக்கா புருஷனுக்கு எதிரா சொல்றீங்களே, யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"அக்காதான்."

"எந்த அக்கா?" என்று ஜட்ஜ் ஐயா கேட்டார்.

"அவரோட சம்சாரம்தான் ஐயா. உண்மையச் சொல்லிட்டு வான்னாங்க. தோ, வெளிய வராண்டாவுல நிக்கிறாங்க."

கோர்ட்டில் எல்லாரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். அண்ணி தலையில் முந்தானை போட்டுக்கொண்டு தூணோரம் நின்றிருந்தார்கள். அண்ணன் மட்டும் திரும்பவில்லை. கட்டியிருந்த கை அவிழ்ந்து மடியில் விழுந்தது. அதை நான் பார்த்தேன். ஜெயித்துவிடுவோம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தில் ஏதோ ஒன்று உடைந்துவிட்டது, அதை எந்தத் தீர்ப்பும் ஒட்டவைக்காது என்றுதான் தோன்றியது.

மழைக்காலத்தில் தீர்ப்பு வந்தது. முன்பு கொடுத்த தீர்ப்பை ரத்து செய்தார்கள். நைனா தெரிந்து எழுதிக்கொடுத்தது என்று ஏற்க முடியாது, சொத்தில் பிள்ளைகள் இருவருக்கும் சமபங்கு என்று சொன்னார்கள். வக்கீல் மேடம் என் தோளைத் தட்டினார். நான் வராண்டாவிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை மாதம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுகையோடு அழுகையாக, "கர்த்தாவே" என்று ஒரு சொல் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அது போதும் என்று அவர் நினைத்திருப்பார்.

பாஸ்டர் ஐயா நடுவில் இருந்து பேசி, வீடு எனக்கு, நிலம் அண்ணனுக்கு என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு எழுதிக்கொண்டோம். நிலம்தான் விலை போகிற சொத்து. போகட்டும். எனக்கும் பிரியாவுக்கும் கூரை இருக்கிறது. அவள் இப்போது நர்சிங் படிக்கிறாள்.

அண்ணி திரும்பி வந்துவிட்டார்கள். அண்ணன் அவர்களிடம் சோறு போடு, தண்ணி கொடு என்கிற அளவுக்குத்தான் பேசுகிறாராம். என்னிடம் அதுவும் இல்லை. சபைக்கும் வருவதில்லை. எதிரே பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார். ஜெயித்த எனக்கு இது ஜெயமாகத் தெரியவில்லை. ஆனால் கர்த்தர் செய்தது நன்மை என்று நான் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் என் ஜெபத்துக்குப் பதில் தரவில்லை. நான்தான் ஜெபிப்பதை விட்டுவிட்டேனே. எனக்கு எதிராக நின்ற வீட்டில் ஒரு பெண்ணை எழுப்பி, எனக்காக அவளை ஜெபிக்க வைத்தார். அந்த ஜெபத்துக்கு அவளே நடுங்கும்படி பதிலும் கொடுத்தார்.

அதனால் இப்போது நான் மாறியிருக்கிறேன். முன்பெல்லாம் ஜெபம் என்றால் என் பாரம் மட்டும்தான். இப்போது வெள்ளிக்கிழமை உட்கார்ந்தால் மற்றவர்கள் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது. கம்பெனியில் பக்கத்தில் நின்று பெட்டி மடிக்கிற பெண்ணுடைய பெயர், வீடு கிடைக்காமல் அலைகிறவர்களுடைய பெயர், கோர்ட்டு வாசலில் பார்த்த முகங்கள்.

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒருவேளை எல்லாக் கதவும் அடைத்துப்போயிருக்கலாம். முழங்கால் போட முடியாமல், அவர் பெயரைச் சொல்லவும் கசந்துபோய் இருக்கலாம். நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நம்புங்கள் என்று கட்டாயப்படுத்தவும் மாட்டேன். உங்களால் முடியாதபோது உங்களுக்காக எங்கோ ஒருத்தி வாய் திறந்திருக்கிறாள். நீங்கள் கொஞ்சமும் எதிர்பார்க்காத வீட்டில்கூட அவள் இருக்கலாம். அவளுக்குப் பதில் வரும்வரை நீங்கள் உயிரோடு மட்டும் இருங்கள். வந்து எங்களோடு சும்மா உட்கார்ந்தாலும் போதும். ஜெபத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். ஜெபிக்க முடிகிறவர்கள் இன்று என் அண்ணனுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் ஞானராஜ்.